மலைக்கு வர்றியா? அக்கா சொல்றேன், எழுதிக்கோ

தங்கச்சி, காலேஜ் தோழிகள் எல்லாரும் கொடைக்கானல் கிளம்புறாங்க, வீல்சேரோட நானும் போகலாமான்னு கேட்டிருக்கே. தாராளமா போகலாம். ஆனா இந்தக் கேள்வியை வேற யார்கிட்டயும் இப்படிக் கேட்காதே. “வீல்சேர் போகுமா?”ன்னு போனில் கேட்டா லாட்ஜ்காரர், டிரைவர், டிக்கெட் கவுன்டரில் இருக்கிற தம்பி எல்லாருமே ஒரே பதிலைத்தான் சொல்வாங்க: “போகும்மா, நாங்க இருக்கோம்ல!” நாலு பேர் சேர்ந்து நாற்காலியோட உன்னை அலேக்காத் தூக்கிடுவோம்னு அதுக்கு அர்த்தம். நல்ல மனசுதான், குறை சொல்லலை. ஆனா உன்னைக் கொண்டுபோறது வேற, நீ போறது வேற. நானும் சக்கரத்தில் உருண்டு மலை பார்த்தவள்ங்கிறதால சொல்றேன், அந்த வித்தியாசத்தை முதலில் நீ பிடிச்சுக்கணும்.

விசாரிக்கும்போது அளவாக் கேளு. ரூம் வாசலில் எத்தனை படி? ஒரு படி எவ்வளவு உயரம், ஒரு சாணா, அதுக்கும் மேலயா? பாத்ரூம் கதவை முழுசாத் திறந்தா நடுவில் எத்தனை அங்குலம் கிடைக்கும்? கதவு உள்பக்கம் திறக்குதா, வெளிப்பக்கமா? கதவோட அகலத்தைச் சொல்லாதீங்க, திறந்து வச்சு டேப் பிடிச்சு வாட்ஸப்பில் போட்டோ அனுப்புங்கன்னு சொல்லு. சாதாரண மடக்கு நாற்காலி, சக்கரத்துக்கு வெளியே கையால் தள்ளுற வளையத்தோட சேர்த்து, 24 முதல் 26 அங்குலம் வரும். பழைய லாட்ஜ் பாத்ரூம் கதவு பல இடங்களில் 24-லயே நின்னுடும். “கிரவுண்ட் ஃப்ளோர்தாம்மா”ன்னு சொன்னா நம்பிடாதே. மலையில் கிரவுண்ட் ஃப்ளோர் ரோட்டுக்குக் கீழயும் இருக்கும், அங்கே இறங்கப் பதினைந்து படியும் இருக்கும். பாத்ரூமுக்குள் உட்கார கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு வேணும்னு முன்கூட்டியே சொல்லி வை. போனதும் நாலு காலையும் அமுக்கிப் பாரு, ஒண்ணு வளைஞ்சா திருப்பிக் கொடுத்துடு. போட்டோ எடுத்து அனுப்பவே சலிச்சுக்கிற இடத்தில் ரூம் போடாதே, அவ்வளவுதான்.

பாதையைக் கண்ணால் நம்பாதே

நடக்கிறவங்களுக்குச் சரிவு தெரியாது. அவங்களைக் கேட்டா எல்லாமே “சும்மா லேசான ஏத்தம்”தான். உன் போனிலேயே ரசமட்டம் மாதிரி சாய்வு காட்டுற வசதி இருக்கும், இல்லாட்டி இலவச ஆப் கிடைக்கும். ஒரு அடி நீளப் பலகை மேல போனை வச்சுத் தரையில் வை. 3 டிகிரின்னா 20 அடிக்கு 1 அடி ஏத்தம். 5 டிகிரின்னா 12 அடிக்கு 1 அடி, நம்ம ஊர் ரேம்ப் விதி சொல்ற எல்லை அதுதான். 7 டிகிரின்னா 8 அடிக்கு 1 அடி.

இதில் எது எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும்? அமெரிக்காவில் அரசு நிலங்களில் போடுற மலைப்பாதைகளுக்கு 2013-ல் ஒரு விதி வகுத்திருக்காங்க, எனக்கு அதுதான் கணக்கு. 20-க்கு 1 எவ்வளவு தூரம் வேணும்னாலும் இருக்கலாம். 12-க்கு 1 ஒரே மூச்சில் 200 அடி வரை. 10-க்கு 1 என்றால் 30 அடி. 8-க்கு 1 வெறும் 10 அடிதான், அதுக்கப்புறம் இளைப்பாற ஒரு சமதளம் வந்தே ஆகணும். பாதையோட அகலம் குறைஞ்சது 36 அங்குலம். நம்ம ஊர்ப் பாதை எதுவும் இந்த விதியைப் படிச்சுட்டு வந்ததில்லை. ஆனா ஒரு ஏத்தத்தின் அடியில் நின்னு “இது என்னால் முடியுமா”ன்னு தயங்குறப்போ, தைரியத்தை வச்சு முடிவெடுக்கிறதை விட எண்ணை வச்சு முடிவெடுக்கிறது நல்லது.

பக்கவாட்டுச் சாய்வை யாருமே சொல்ல மாட்டாங்க. தண்ணி வடியட்டும்னு தார் ரோட்டை ஓரத்துக்குச் சரிச்சுப் போட்டிருப்பாங்க. நடக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. உனக்கோ நாற்காலி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகும். ஒரு கை தள்ளும், இன்னொரு கை பிரேக் பிடிக்கும், அரை கிலோமீட்டரில் ஒரு தோள் கழன்றுடும். ரோட்டின் நடுமுதுகில் போனா இந்தத் தொல்லை குறையும், வண்டி வராத அதிகாலையில்தான் அது நடக்கும். அதனால மத்தவங்க எட்டு மணிக்குப் போகலாம்னா, நீ ஆறரைக்குக் கிளம்பலாம்னு சொல்லு.

கொடைக்கானலில் எங்கெங்கே

ஏரியைச் சுத்தின ரோடு முதல் நாளுக்கு நல்லது. சுமார் 5 கிலோமீட்டர், தார் ரோடு, பெரும்பாலும் மட்டம். 1863-ல் உருவாக்கின ஏரி அது, நட்சத்திரம் மாதிரி கை கையா நீண்டிருக்கும். வளைவு நிறைய, ஆனா எந்த இடத்தில் அலுத்தாலும் வண்டி வந்து உன்னை ஏத்திக்கலாம். முழுச் சுத்தும் போய்த்தான் ஆகணும்னு வீராப்பு வேண்டாம். அங்கே வாடகைக் குதிரைகள் ஓடும். குதிரைச் சாணம் டயரில் ஏறி, டயரிலிருந்து வளையத்துக்கு வந்து, வளையத்திலிருந்து உன் உள்ளங்கைக்கு வரும். அதே கையால் அவிச்ச சோளம் வாங்கிச் சாப்பிடுவே. சைக்கிள் ஓட்டுறவங்க போடுற அரைவிரல் கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்கோ, ஒண்ணு ஈரமானா இன்னொண்ணு.

கோக்கர்ஸ் வாக் 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் போட்ட பாதை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தளம் போட்டிருக்கும், பள்ளத்துப் பக்கம் தடுப்பு இருக்கும். ஆனா மட்டம் கிடையாது. ரெண்டு முனையில் எதில் படி குறைவு, எந்தப் பக்கம் இருந்து வந்தா இறக்கமா இருக்கும்னு ஒரு தோழியை முதல் நாள் சாயங்காலமே அனுப்பி வீடியோ எடுத்து வரச் சொல்லு. வீடியோவைத் தன் கண் உயரத்தில் எடுக்க வேண்டாம், போனை இடுப்புக்குக் கீழே பிடிச்சு, தரையைக் காட்டி எடுக்கணும். உனக்குத் தேவை மேகம் இல்லை, தரை. காலையில் சீக்கிரம் போ. நேரம் ஆக ஆகப் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துடும், தளமும் வழுக்கும். குரங்குகள் அங்கே உண்டு. நடக்கிறவங்க பையைத் தோளில் மாட்டியிருப்பாங்க, உன் பை மடியில் இருக்கும், அதுக்கு வசதியான உயரம். பையோட வாரைப் பெல்ட்டுக்குள் கோத்துக்கோ, தின்பண்டத்தை வெளியே எடுக்காதே.

கொடைக்கானலுக்கு மலை ஏறிப் போற வழியில் வெள்ளி அருவி ரோட்டோரத்திலேயே இருக்கு. தூண் பாறைக்கும் வண்டி பக்கத்தில் போகும். பைன் காடு போட்டோவில் அழகு, தரையெல்லாம் வேர். பின்னாடி ஒருத்தர், முன்னாடி இழுக்க ஒருத்தர் இல்லாம உள்ளே போகாதே, போனாலும் ஓரத்தோட திரும்பு. வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்குற பாதையை உன் நாற்காலியில் நினைச்சே பார்க்காதே. வேரும் கல்லும் செங்குத்துமா இறங்கும், திரும்ப அவ்வளவும் ஏறணும்.

அந்த மாதிரி பாதைக்குன்னே வேற வண்டி இருக்கு. பிரான்ஸில் ஜோயல் கிளோடெல்னு ஒரு மலை வழிகாட்டி. தசைச் சிதைவு நோய் வந்த அண்ணன் மகனோ தங்கை மகனோ, அவர் குடும்பத்துப் பையன் ஒருத்தனை மலைக்குக் கூட்டிப் போறதுக்காக 1987-ல் ஒத்தைச் சக்கர நாற்காலி ஒண்ணைச் செஞ்சார். ‘ஜோலெட்’னு பேர். உட்காருற இடத்துக்கு அடியில் ஒரே ஒரு சக்கரம், முன்னாடியும் பின்னாடியும் நீளக் கைப்பிடி. முன்னால் போறவர் இழுக்கிறார், பின்னால் வர்றவர் சமநிலை பிடிக்கிறார். ஒத்தைச் சக்கரம்ங்கிறதால ஒற்றையடிப் பாதையிலும் போகும், கல்லுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சக்கரம் மாட்டாது. கனடாவில் சாம் சல்லிவன், கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், இதே வகையில் ‘டிரெயில்ரைடர்’ உருவாகக் காரணமா இருந்தார். பின்னாடி வான்கூவர் நகர மேயராவும் ஆனார். நம்ம சபரிமலை டோலியும் இதுவும் ஒண்ணுதானேன்னு கேட்பே. டோலியில் எடை முழுக்க நாலு பேர் தோளில். இதில் எடை சக்கரத்தில், ஆட்களோட வேலை இழுக்கிறதும் சாயாம பிடிக்கிறதும்தான். அதனாலதான் கூலியாட்கள் இல்லாம நண்பர்களே மாத்தி மாத்திக் கொண்டுபோக முடியுது.

நாற்காலியைத் தயார் பண்ணு

பின் கைப்பிடியில் பை மாட்டாதே. எல்லாரும் அங்கேதான் மாட்டுவாங்க. ரெண்டு லிட்டர் தண்ணி, ஸ்வெட்டர், பவர் பேங்க் எல்லாம் சேர்ந்து பின்னாடி தொங்கினா, ஏத்தத்தில் நாற்காலி மல்லாக்கச் சாயும். எடையை சீட்டுக்கு அடியில் கட்டு. ஏறும்போது உடம்பை முன்னால் சாய்ச்சுக்கோ. பின்னாடி குட்டிச் சக்கரம் வச்ச ‘ஆன்டி டிப்பர்’ இருந்தா மாட்டிக்கோ, ஆனா படி ஏறும்போது அது இடிக்கும், எப்படிக் கழட்டுறதுன்னு கூட வர்றவங்களுக்குக் காட்டி வை.

முன்சக்கரம்தான் உன்னைக் கவுக்கும். ஐந்து, ஆறு அங்குலக் குட்டிச் சக்கரம் ஒரு விரல் உயரக் கல்லில் மாட்டினாலே சட்டென்று நிக்கும், நீ முன்னால் பறப்பே. பெல்ட் போடாம மண்பாதையில் இறங்காதே. கால் பலகையில் பொருத்தி முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிடுற பெரிய ஒத்தைச் சக்கரம் வெளிநாட்டில் விக்குது. இங்கே பட்டறையில் செஞ்சுக்கலாம்னா செஞ்சுக்கோ, ஆனா உன் நாற்காலிச் சட்டம் அலுமினியம்னா வெல்டிங் வைக்க விடாதே. சூடு பட்ட இடம் பலவீனமாகி, ஒரு நாள் பாதி வழியில் விடும். கிளாம்ப் போட்டு முடுக்கணும். அதுவரைக்கும், முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிக்கிற ‘வீலி’ பழகு. இதை யூடியூப் பார்த்துத் தனியாப் பழகாதே. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யோட மறுவாழ்வு மையம் 1966-லிருந்து இருக்கு. அது வரக் காரணமா இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அப்புறம் வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் பண்ணினவங்க. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கு. அதை 1981-ல் தொடங்கின எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர்தான். இந்த மாதிரி இடங்களில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளு, பின்னாடி ஒருத்தர் வாரைப் பிடிச்சு நிக்க, முறையாச் சொல்லித் தருவாங்க.

காத்து டயரா இருந்தா மண்பாதையில் கொஞ்சம் காத்து இறக்கினா பிடிமானம் கூடும். ஆனா வீல்சேர் பிரேக் டயர் மேலதான் அழுத்துது. காத்து இறங்கின டயரில் அது பிடிக்காது, ஈர டயரிலும் பிடிக்காது. அதனால சின்ன மரக்கட்டை ஆப்பு ரெண்டு எடுத்துக்கோ, சரிவில் நின்னா சக்கரத்துக்கு அடியில் சொருகிடலாம். பின்சக்கரம் 24 அங்குலம்னா, 24 இன்டு 1 3/8 அளவு சைக்கிள் டியூபே பல நாற்காலிக்குச் சேரும். உன் டயரில் அச்சிட்டிருக்கிற எண்ணைப் படிச்சு, ஊர் சைக்கிள் கடையிலேயே ஒண்ணு வாங்கி வச்சுக்கோ. அதோட ஒரு ஆலன் கீ செட், கை பம்ப், இன்சுலேஷன் டேப், இறுக்கிக் கட்ட நாலு பிளாஸ்டிக் டேக்.

வசதி இருந்தா இன்னொண்ணு. சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் கம்பெனியோட ‘நியோபோல்ட்’, நாற்காலி முன்னால் மாட்டிக்கிற மோட்டார் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். ஏரி ரோட்டுக்கு அருமை. எந்த பேட்டரி வண்டியா இருந்தாலும் ஏத்தமும் குளிரும் சேர்ந்தா சார்ஜ் வேகமா இறங்கும். கம்பெனி சொல்ற தூரத்தில் பாதியைத்தான் மலையில் நம்பணும்.

தூக்குறவங்களுக்கு நீதான் மேஸ்திரி

உன் நாற்காலியை யாரும் கேக்காமத் தொடக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடு. தோழிங்கதானேன்னு கூச்சப்படாதே. பாசத்தில் ஒருத்தி பின்னாடி வந்து தள்ளும்போது உன் விரல் சக்கரக் கம்பியில் இருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிறுத்தி நாற்காலியைக் காட்டு. எதைப் பிடிக்கணும்: சட்டத்தை. எதைப் பிடிக்கக் கூடாது: கழண்டு வர்ற கைப்பலகை, கால் பலகை. பின் கைப்பிடி ரப்பரைத் திருகிப் பாரு, பழசானது ஈரத்தில் உருவிக்கிட்டு வந்துடும். தூக்குறவர் கையில் ரப்பர் இருக்கும், நீ கீழே இருப்பே. தளர்ந்திருந்தா ஹோஸ் கிளாம்ப் போட்டு முடுக்கிடு. இழுக்கிற வார் தட்டையா இருக்கணும், நைலான் கயிறு உள்ளங்கையை அறுக்கும். அதைச் சட்டத்தோட முக்கியக் குழாயில்தான் கட்டணும்.

செங்குத்தா இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, உன் முதுகு இறக்கத்தைப் பார்க்க இறக்கணும். பிடிக்கிறவர் உனக்குக் கீழே நின்னு, பின்னாடி பார்த்துப் பார்த்து இறங்கணும். படியில் அப்படி இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் நாற்காலியின் முதுகு மேல்படிப் பக்கம்தான் இருக்கணும். பின்னாடி பலசாலி, முன்னாடி கால் பக்கம் இன்னொருத்தர்.

இன்னொண்ணு, சின்ன விஷயம்தான். “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லித் தூக்கும்போது பாதிப் பேர் மூணில் தூக்குவாங்க, மீதிப் பேர் மூணு முடிஞ்சு தூக்குவாங்க. நாற்காலி ஒரு பக்கமாச் சரியும். “ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கு.” ‘தூக்கு’ங்கிற வார்த்தையில்தான் கை அசையணும், அதைச் சொல்ற வாய் உன் வாயா இருக்கணும். கூட்டத்தில் புதுசா ஒரு அண்ணன் வந்து “நான் பார்த்துக்கிறேன் விடுங்க”ன்னு கட்டளை போட ஆரம்பிப்பார். “நிறுத்துங்கண்ணா, நான் சொல்றேன்”னு சிரிச்சுக்கிட்டே சொல்லு, ஆனா சொல்லு.

தள்ளச் சொல்றதில் வெட்கப்படவும் கூடாது. உனக்குத் தோள்தான் காலும். அது தேஞ்சா கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக்கூட ஆள் தேடணும். எங்கே நீ ஓட்டணும், எங்கே அவங்க தள்ளணும்னு நீயே பிரிச்சு வை.

உடம்பு விஷயம்

கீழே இருந்து மலை ஏறும்போது, பாதி வழியில் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிடும், பார்த்திருப்பே. வெளிக்காத்தின் அழுத்தம் குறையுது, உள்ளே இருக்கிற காத்து விரியுது. உன் காத்துக் குஷனுக்கும் அதேதான் நடக்குது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. கீழே சரியா இருந்த குஷன் அங்கே கல்லு மாதிரி விறைச்சு நிக்கும், உன் எடை ரெண்டு எலும்பு முனையில் வந்து உட்காரும். முதுகுத்தண்டு அடிபட்ட உனக்கு அங்கே உணர்ச்சி இல்லாததால தெரியாது. மேலே போனதும், குஷனில் உட்கார்ந்தபடி புட்டத்தெலும்புக்கு அடியில் கையை விடு. எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன் இருக்கிற அளவுக்குக் காத்தை இறக்கு. திரும்பி வந்ததும் மறக்காம ஏத்து, இல்லாட்டி எலும்பு பலகையில் இடிக்கும். மலைப்பாதையில் குலுங்கும்போது படுக்கைப்புண் வரப் பல நாள் தேவையில்லை. கால் மணிக்கு, அரை மணிக்கு ஒருதரம் முன்னால் குனிஞ்சு ரெண்டு நிமிஷம் எடையை எடு. போனில் அலாரம் வை, பேச்சு சுவாரசியத்தில் நினைவு வராது.

டீ. குளிருக்கு யாராவது பேப்பர் கப்பில் சுடச்சுட டீ வாங்கி நீட்டுவாங்க. உனக்கு ரெண்டு கையும் சக்கரத்தில். வழக்கமா என்ன பண்ணுவோம்? தொடை இடுக்கில் வச்சுக்குவோம். வைக்கவே வைக்காதே. கொட்டினா தெரியாது, ராத்திரி பேன்ட்டைக் கழட்டும்போதுதான் கொப்புளம் தெரியும். இதே காரணத்துக்காக லாட்ஜில் வெந்நீர்ப் பை, ரூம் ஹீட்டர், கேம்ப் ஃபயர் மூணையும் காலுக்குப் பக்கத்தில் விடாதே. குளிருக்குக் கம்பளி சாக்ஸும் சால்வையும் போதும். முதுகுத்தண்டு அடிபட்ட உடம்பு தன் சூட்டைத் தானே சரியா வச்சுக்காது, அடிபட்ட இடத்துக்குக் கீழே நடுங்கக்கூடச் செய்யாது. வெயிலில் அங்கே வேர்க்காது. அதனால பையில் ஸ்பிரே பாட்டிலும் வேணும், ஸ்வெட்டரும் வேணும்.

மழைக்காலத்தில் சோலைக்காட்டு ஓரம் போனா அட்டை ஏறும். கடிச்சதும் உனக்குத் தெரியாது, சாயங்காலம் சாக்ஸ் சிவப்பாயிருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தோழியைக் காலைப் பார்க்கச் சொல்லு.

பாத்ரூமுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்கிறது நம்ம பெண்கள் எல்லாருக்கும் வழக்கம். கதீட்டர் போடுறவளுக்கு அது நேரா யூரின் இன்ஃபெக்ஷனில் போய் நிக்கும். குடி. கழிவறை எங்கே இருக்குன்னு பார்த்துப் பாதையைப் போடு, பாதையைப் போட்டுட்டுக் கழிவறை தேடாதே. வெளியில் போகும் நாளுக்கு மட்டும் காலில் கட்டுற யூரின் பை சரிவருமான்னு டாக்டரைக் கேட்டு, வீட்டிலேயே ரெண்டு மூணு தரம் போட்டுப் பழகு. தோழிகளில் ஒருத்திக்காவது இந்த விஷயம் முழுசாத் தெரிஞ்சிருக்கணும், துப்பட்டா பிடிச்சு மறைக்க மட்டும் இல்லை.

அவளுக்கு இதையும் சொல்லி வை. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதுக்கு மேலயோ, டாக்டர்கள் டி-6 என்பாங்க, அடிபட்டவங்களுக்குத் திடீர்னு மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி வந்து, முகம் சிவந்து, நெத்தியெல்லாம் வேர்த்தா அது மலைக்குளிரோ பித்தமோ இல்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே எங்கேயோ தொந்தரவு, ரத்த அழுத்தம் தாறுமாறா ஏறுது. உடனே நிமிர்ந்து உட்கார வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. பெல்ட், இறுக்கமான துணியைத் தளர்த்தணும். யூரின் டியூப் மடங்கியிருக்கான்னு பார்க்கணும், பெரும்பாலும் அடைபட்ட சிறுநீர்தான் காரணம். சில நிமிஷத்தில் அடங்காட்டி ஆஸ்பத்திரி. சிறிய ஊர் டாக்டருக்கு இது புதுசா இருக்கலாம், உன் டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி லேமினேட் பண்ணி நாற்காலியிலேயே தொங்க விடு.

காட்டுக்குள் போகணும்னா

ரோட்டை விட்டுக் காட்டுப் பாதைக்கு ஆசைப்பட்டா வனத்துறை அனுமதி இல்லாம நகராதே. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவங்க காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தது. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறையே ‘டிரெக் தமிழ்நாடு’ன்னு 40 பாதைகளை ஆன்லைனில் திறந்துவிட்டிருக்கு, எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சு. அந்த ‘எளிது’ நடக்கிற காலுக்கு எளிது, அதை உன் கணக்கில் சேர்க்காதே. பாதையின் படமும் வழிகாட்டியோட போன் பேச்சும் இல்லாம பணம் கட்டாதே. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிடுவாங்க, அப்போ யாராவது குறுக்கு வழி இருக்குன்னு கூப்பிட்டா போகாதே. ஓடித் தப்பிக்கிற வழி மத்தவங்களுக்கு இருக்கலாம், உனக்குக் கிடையாது. எந்தப் பாதையா இருந்தாலும் “ஏதாவது ஆச்சுன்னா வண்டி எதுவரைக்கும் வரும், அங்கே போக எவ்வளவு நேரம், போன் சிக்னல் எங்கே விட்டுப்போகும்”ங்கிற மூணு கேள்விக்கும் பதில் கிடைச்சாத்தான் உள்ளே போகணும்.

உன் கூட்டத்தில் வேற மாதிரி சிரமம் உள்ளவங்களும் வரலாம். கண் தெரியாதவங்களைக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. முன்னால் போறவரோட பையில் அவர் கை வைக்கட்டும், பையில் ஒரு சின்ன மணி கட்டினா திசை தெரியும். 2001-ல் எவரெஸ்ட் ஏறின பார்வையற்றவர் எரிக் வைஹன்மேயர், முன்னால் போறவரின் மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் போவார். “பார்த்து வா”ன்னு சொல்றதில் பிரயோஜனமில்லை, “ரெண்டு அடியில் முழங்கால் உயரத்துக்கு இறக்கம்”னு சொல்லணும். செயற்கைக்கால் போட்டவங்களுக்கு ஏத்தத்தை விட இறக்கம்தான் வலி. வேர்வையில் சாக்கெட் வழுக்கும், மாத்து சாக்ஸ் வேணும், பாதி வழியில் கழட்டித் துடைக்க நேரம் கொடுக்கணும். ஊன்றுகோல்காரங்க அடி ரப்பரைப் புதுசா மாத்திட்டு வரட்டும். காது கேக்காதவங்க இருந்தா வரிசையில் அவங்களைக் கடைசியா விடாதீங்க.

சிங்கப்பூர் சித்தி வீட்டுக்குப் போனா ‘சதர்ன் ரிட்ஜஸ்’ கூட்டிப் போகச் சொல்லு. காட்டு மரங்களோட உச்சிக்கு நடுவில் கம்பிப் பாலமாவே பாதை போட்டிருக்காங்க, படி ஏறாம வீல்சேர் போற பகுதி நிறைய. அங்கே போய் வந்தா நம்ம ஊரில் என்ன கேட்டு வாங்கணும்னு உனக்கே தெரியும். நம்மகிட்டயும் ஆரம்பிச்சிருக்கு. மெரினாவில் 2022 நவம்பரில் மணலுக்கு மேல கடல் வரைக்கும் மரப்பாதை போட்டாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தி, திரும்பச் சரிபண்ணினாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கூட வர்றவங்களோட அங்கே ஒரு சாயங்காலம் போய், இழுக்கிறது, திருப்புறது, “தூக்கு” எல்லாம் ஒருதரம் பழகிப் பாருங்க.

வீடு திரும்பின ராத்திரி குளிக்கிறதுக்கு முன்னாடி கண்ணாடி வச்சோ போன் கேமராவிலோ பின்பக்கம், குதிகால், தொடை எல்லாம் பாரு. சிவந்த இடத்தை விரலால் அமுக்கினா வெளுக்கணும். வெளுக்கலைன்னா, அந்தச் சிவப்பு போற வரைக்கும் அந்தப் பக்கம் உட்காராதே, மறுநாள் காலேஜ் போகாட்டியும் பரவாயில்லை. முன்சக்கர அச்சில் புல்லும் முடியும் சுத்தியிருக்கும், குச்சியால் எடு. தண்ணியை பேரிங் மேல பீய்ச்சாதே, ஈரத்துணியால் துடைச்சா போதும். அப்புறம் அந்த லாட்ஜ் பாத்ரூம் கதவில் டேப் பிடிச்சு எடுத்த போட்டோ இருக்குல்ல, அதை கூகுள் மேப்ஸில் அந்த லாட்ஜ் பேருக்குக் கீழே போட்டுடு. “இடைவெளி 27 அங்குலம், வாசலில் ஒரு படி, அரைச் சாண் உயரம்”னு உள்ளதை உள்ளபடி ஒரு வரி எழுது. அடுத்து ஒருத்தி போன் போட்டுக் கேக்கிற வேலை மிச்சம்.